ஏரி உருகிய தேதி

அண்ணாமலையார் துணை

வேங்கிக்கால், திருவண்ணாமலை
19-1-2025

அன்புள்ள கஸ்தூரிக்கு,

ரேணுகாம்பாள் அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் கீர்த்தனாவும் அவன் புண்ணியத்தில் நல்லபடி இருக்கிறோம். நீயும் சுரேஷ்குமாரும் கீதாஞ்சலியும் குட்டி கவிநிலாவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று முதலில் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியதைப் பேச்சு என்றே நான் சேர்க்கவில்லை. "சாப்ட்டியா" என்று கேட்பதற்குள் குட்டி வந்து நாக்கை நீட்டுகிறாள். உன் மருமகள் குக்கரை இறக்குகிறாள். இந்தப் பக்கம் உன் மாமா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "கஸ்தூரி, அங்க குளுரு ஜாஸ்தியா?" என்று அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்துகிறார். நாம் பேசிவைத்துக்கொண்டபடி கடிதமே நல்லது. மூன்று வாரம் ஆனால் ஆகட்டும். உன் முதல் கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரர் பிரகாஷ், "யாரும்மா அமெரிக்காவுல, தங்கச்சியா?" என்றார். "ஓரகத்தி" என்றேன். "ஓரகத்திக்கு ஓரகத்தி லெட்டரா! வக்கீல் நோட்டீஸா இருக்கப் போவுதும்மா, பிரிச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீ இந்த வீட்டுக்கு வந்தபிறகு நீ இல்லாமல் வைத்த முதல் பொங்கல் இது. பானை பொங்கும்போது நான் ஒருத்தியாகக் கத்தினேன். கீர்த்தனா படம் எடுத்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை. உனக்கும் எனக்கும் வாய்க்குப் பஞ்சமா இருந்தது? நாம் இரண்டு பேரும் போட்டி போட்டுக் கத்தி, மாமியார் ஓடிவந்து, "ஏண்டி, பானை பொங்கிச்சா, இல்ல வூடு பத்திக்கிச்சா?" என்று கேட்டார்களே, அதை நினைத்துத் தனியாகச் சிரித்தேன்.

முந்தின நாள் பௌர்ணமி. கிரிவலம் போனேன். உன் பெயரையும் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

உன் அறையைப் பற்றிக் கவலைப்படாதே. முருகவேல் தம்பி உன்னையும் சுரேஷையும் விட்டுக் கண்ணை மூடி ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது, ஆனாலும் நான் எதையும் இடம் மாற்றவில்லை. அதே கட்டில், அதே விரிப்பு, ஸ்டூல்மேல் அவர் கண்ணாடி. வெள்ளிக்கிழமைதோறும் நானே பெருக்கித் துடைத்துச் சாத்துகிறேன். நீ வந்து கதவைத் திறந்தால் விட்டுப் போனபடியே இருக்கும்.

பனிக்காலம் முடிந்ததும் அம்மாவை அனுப்பிவைக்கிறேன் என்று சுரேஷ் சொல்லித்தான் கூட்டிப்போனான். எப்போது முடியுமாம்? கேட்டு எழுது.

உன் அன்பு அக்கா,
ரேணுகாம்பாள்

*

மினசோட்டா
9-2-2025

அக்காவுக்குக் கஸ்தூரியின் வணக்கம்.

எல்லோரும் சுகம். குட்டிக்கு மட்டும் மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கிறது. இந்த ஊரில் எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான், மூக்கு ஒழுகாத பிள்ளையைப் பார்த்தால்தான் என்ன ஆச்சு என்று கேட்பார்கள் போலிருக்கிறது. மாமாவுக்கு சர்க்கரை எப்படி இருக்கிறது? உங்கள் முட்டி?

குளிர் ஜாஸ்தியா என்று மாமா கேட்டாரே. சுரேஷ் காரிலிருந்து இறங்கி, வேலை செய்யும் காகித ஆலைக்குள் நுழைவதற்குள் பனி படிந்து அவன் மீசை வெள்ளையாகிவிடுகிறது. நான் ஈர முந்தானையோடு வாசலுக்குப் போய்விட்டேன் ஒரு நாள், அது முறம் மாதிரி விறைத்துக்கொண்டது.

வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஏரி. ஊரே ஏரியைச் சுற்றித்தான். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஏரி இருக்கிறது அக்கா, எல்லாம் இப்போது கல் மாதிரி. அதன்மேல் லாரி போகிறது! நம் ஊர் ஏரியில் தண்ணீர் வற்றினால் வண்டி போகும். இங்கே தண்ணீர் இருக்கும்போதே வண்டி போகிறது. நடு ஏரியில் சின்னக் கொட்டகை போட்டு, ஐஸில் துளை போட்டு, அதற்குள் தூண்டிலை விட்டுக்கொண்டு மனிதர்கள் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் தடவை அதன்மேல் கால் வைக்கச் சொன்னபோது நான் சுரேஷ் கையை விடவேயில்லை. "அம்மா, கீழ நாலடிக்கு ஐஸ் இருக்குது, பயப்படாத" என்றான். நாலடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்றுதானே எனக்குப் பயம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். இங்கே ஒரு பழக்கம். ஒரு பழைய பீப்பாய்க்குச் சிவப்பு பெயின்ட் அடித்து ஏரி நடுவே வைத்திருக்கிறார்கள். பனி உருகி அது தண்ணீருக்குள் எந்த நாள் விழுகிறதோ, அந்த நாள்தான் இவர்களுக்குக் குளிர்காலம் முடிந்த நாள். காலண்டரில் போட்டிருக்கும் தேதியை ஒருவரும் மதிப்பதில்லை. எந்த நாள் விழும் என்று ஊரே சீட்டு எழுதி லைப்ரரியில் இருக்கும் ஜாடியில் போடுகிறது. ஜெயித்தவருக்கு அந்த வருஷம் முதல் படகு சவாரி. சுரேஷ், "பீப்பா விழட்டும்மா, மறுநாளே டிக்கெட் போடறேன். இப்ப மூணு பிளேன் மாறணும், எங்கனா பனியில மாட்டிக்குவ" என்கிறான்.

நீங்களே ஒரு தேதி சொல்லுங்கள் அக்கா. உங்கள் பெயரில் சீட்டு போடுகிறேன்.

கஸ்தூரி

*

அண்ணாமலையார் துணை

வேங்கிக்கால்
2-3-2025

அன்புள்ள கஸ்தூரி,

ஆண்டவன் காப்பான். உன் மாமாவுக்கு சர்க்கரை கம்மியாகியிருக்கிறது, நாக்குதான் கம்மியாகவில்லை. என் முட்டிக்குத் தைலம் போடுகிறேன். குட்டியின் மூக்குக்கு ஓமத்தைத் துணியில் முடிந்து முகரக் கொடு.

உன் பீப்பாய் விஷயத்தைக் கேட்டு எங்கள் வீட்டில் ஒரு வாரமாக வேறு பேச்சே இல்லை. நான் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிணறு வெட்ட, கதிர் அறுக்க, காது குத்த எல்லாவற்றுக்கும் நாள் போட்டிருக்கிறார்கள், ஏரி உருகுவதற்கு மட்டும் போடவில்லை. உன் மாமா, "அமெரிக்கா ஏரிக்கு வாக்கியமா, திருக்கணிதமா? அதச் சொல்லு மொதல்ல" என்று கேட்டுவிட்டு, தானே சிரித்துக்கொண்டார். நான் கோவிலுக்குப் போய் அம்மன் சன்னதியில் கண்ணை மூடினேன். பங்குனி உத்திரம் என்று மனதில் பட்டது. ஏப்ரல் பதினொன்று. அதையே எழுதிப் போடு. அப்படி விழுந்துவிட்டால் சித்திரா பௌர்ணமிக்கு நீ இங்கே இருப்பாய். படகில் உன் மருமகளை ஏற்றிவிடு, நமக்கு வேண்டாம்.

இங்கே இப்போதே வெயில் ஏறுகிறது. மார்கழியில் போர்த்திய போர்வைகளைத் துவைத்துப் பரண்மேல் போட்டாயிற்று. நீ உன் போர்வையை மடிக்கும்போது ஒரு முனையை என்னிடம் கொடுப்பாய், நான் ஒரு முனை, நீ ஒரு முனை, நடந்து வந்து சேர்த்து, திரும்ப நடந்து போய். கீர்த்தனாவைக் கூப்பிட்டால், "தரையில போட்டு மடியேம்மா, படிச்சிக்கிட்டு இருக்கன் இல்ல" என்கிறாள். குரூப் நாலு பரீட்சைக்கு சமையல்கட்டில் உட்கார்ந்து படிக்கிறாள், பாவம், ஹாலில் உன் மாமா நியூஸ் போட்டுவிடுகிறார். உன் அறையில் போய்ப் படிக்கட்டுமா என்று கேட்டாள். கூடாது என்று சொல்லிவிட்டேன். அது உன் அறை, தம்பி இருந்த அறை.

அந்த அறைக்கு ஏதாவது செய்ய வேண்டுமா என்று போன தடவையே கேட்க நினைத்தேன். நீயும் ஒன்றும் எழுதவில்லை.

உன் அக்கா

*

மினசோட்டா
18-3-2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் முட்டி தேவலை என்று நம்புகிறேன். ஓமத்தை முகர்ந்து குட்டி தும்மிய தும்மலில் இரண்டு வீடு தள்ளி நாய் குரைத்தது.

அக்கா, வந்துவிட்டது! நாலு நாளாக வெயில். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, தெருவோரமெல்லாம் வாய்க்கால் ஓடுகிறது. பனிக்கு அடியில் இருந்த புல் போன வருஷத்து நிறத்திலேயே வெளியே வந்திருக்கிறது. மார்பு சிவந்த ஒரு குருவி வேலிமேல் வந்து உட்கார்ந்தது. அது வந்தால் வசந்தம் என்று கீதா கையைத் தட்டினாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அரை டிராயரோடு ஓடுகிறார்கள். ஏரிமேல் கொட்டகை போட்டிருந்தவர்கள் எல்லாம் அவசர அவசரமாக இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நானும் எல்லாப் போர்வையையும் துவைத்துப் பின்பக்கம் கொடியில் போட்டேன். நீங்கள் எழுதியிருந்தது ஞாபகம் வந்து கீதாவை ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னேன். எதிரே நின்று, "அத்தை, இப்ப நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டாள். சிரித்துச் சிரித்து இரண்டு பேரும் போர்வையைச் சேற்றில் போட்டுவிட்டோம்.

உங்கள் சீட்டைப் போட்டாயிற்று. பங்குனி உத்திரம் என்றால் என்ன என்று லைப்ரரி அம்மாள் கேட்டாள். சாமிக்குக் கல்யாணம் என்றேன். அப்படியானால் அது நல்ல தேதிதான் என்றாள்.

20-3-2025

கடிதத்தை ஒட்டவில்லை, அதனால் இதையும் எழுதுகிறேன். நேற்று மத்தியானம் காற்று திரும்பியது. சாயங்காலம் மழை, பிறகு அதுவே பனி. காலையில் கதவைத் தள்ளினால் திறக்கவில்லை, முட்டி உயரத்துக்கு வெளியே குவிந்து கிடக்கிறது. கொடியில் போட்டிருந்த போர்வைகள் கதவுப் பலகை மாதிரி நிற்கின்றன. சுரேஷ் ஒன்றை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து சுவரில் சாய்த்துவைத்தான். அந்தக் குருவி எங்கே போயிற்றோ.

இந்த ஊரில் வசந்தம் வாசல்வரை வந்து செருப்பைக் கழற்றுகிறது. உட்காரும் என்று பார்த்தால் மறுபடியும் மாட்டிக்கொண்டு போய்விடுகிறது. நம் ஊரில் மாசி மகத்துக்கு மேலே போன போர்வை கார்த்திகைக்குத்தான் இறங்கும். இங்கே எதை மடித்துவைப்பது, எதை வெளியே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

கஸ்தூரி

*

அண்ணாமலையார் துணை

வேங்கிக்கால்
13-4-2025

அன்புள்ள கஸ்தூரி,

நாளைக்கு வருஷப் பிறப்பு. புது வருஷத்தில் நீங்கள் நால்வரும் நோய் நொடியில்லாமல் இருக்கவேண்டும் என்று நெய் விளக்குப் போட்டு வந்தேன்.

உத்திரம் போய்விட்டது. பீப்பாய் விழுந்ததா? விழுந்திருந்தால் சுரேஷ் போனில் சொல்லியிருப்பான், ஆகவே விழவில்லை. உன் மாமா, "அம்மன் உனக்குச் சொன்னது இந்த வருசத்து உத்திரம்னு எப்டித் தெரியும்?" என்று கேட்கிறார். இந்த மனிதரோடு முப்பத்தைந்து வருஷம் ஓட்டிவிட்டேன்.

பௌர்ணமிக்குக் கிரிவலம் போனேன் என்று எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். பாதி போனேன். அடி அண்ணாமலை தாண்டி முட்டி மடங்கவில்லை, ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டேன். முட்டியைப் பெரிதாகச் சொல்வதற்கில்லை. பக்கத்தில் பேச ஆள் இல்லை, அதுதான் தூரம். முன்னெல்லாம் பேசிக்கொண்டே போவோம், குபேர லிங்கம் எப்போது வந்தது, ஈசான்ய லிங்கம் எப்போது வந்தது என்றே தெரியாது. யார் வீட்டுக் கல்யாணத்தில் என்ன கறி, யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் பேசி முடிக்கும்போது கோபுரம் தெரியும். நடுநடுவே ஞாபகம் வந்து "அண்ணாமலைக்கு அரோகரா" என்போம். அதற்கே புண்ணியம் கிடைத்ததே.

உன் அறையை நேற்று முழுதாகக் கழுவிவிட்டேன். தம்பியின் சட்டைகளை வெயிலில் காயவைத்து அதே ஆணியில் அதே வரிசையில் மாட்டினேன். அவருடைய ரேடியோவுக்குப் புது பேட்டரி வாங்கிப் போட்டேன். நல்லா பாடுகிறது. நீ வருகிற அன்றைக்கு அதைப் போட்டுவைக்கிறேன், வீட்டுக்குள் நுழையும்போதே அவர் இருக்கிற மாதிரி இருக்கும்.

சீக்கிரம் வா.

உன் அக்கா

*

மினசோட்டா
2-5-2025

அக்காவுக்கு வணக்கம். இங்கு அனைவரும் நலம்.

ஏரி அப்படியேதான் இருக்கிறது. நடுவில் கொஞ்சம் சாம்பல் நிறமாக ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். இந்த வருஷம் குளிர் ஜாஸ்தி என்று பேசிக்கொள்கிறார்கள். அதனால் சித்திரா பௌர்ணமிக்கு வர முடியாது போலிருக்கிறது. பீப்பாய் விழுந்ததும் எழுதுகிறேன்.

முட்டியோடு வெயிலில் நடக்காதீர்கள். மாமாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

கஸ்தூரி

*

மினசோட்டா
18-5-2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

சுரேஷ்குமார் எழுதறேன். நீங்க, பெரியப்பா, கீர்த்தனா எல்லாரும் நல்லா இருக்கீங்களா? தமிழ்ல கடிதம் எழுதி எத்தனையோ வருஷம் ஆச்சு, தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க. போன்ல சொல்ல முடியல, அம்மா பக்கத்துலயே இருக்காங்க.

போன வாரம் போன்ல நீங்க, "ஏண்டா, ஏரி இன்னுமா உருகல?"னு கேட்டீங்க. நான், "ஹலோ, ஹலோ, கேக்கல பெரியம்மா"ன்னேன். சிக்னல் போகல. நான்தான் கட் பண்ணேன்.

ஏரி ஏப்ரல் 24ஆம் தேதியே உருகிடுச்சு பெரியம்மா. அம்மா குட்டியத் தூக்கிக்கிட்டு அங்கதான் நின்னாங்க, பீப்பா விழுந்தப்போ எல்லாரோடயும் சேர்ந்து கத்தினாங்க. அன்னிக்கே நான் லேப்டாப்ப எடுத்து, "எந்தத் தேதிக்குப் போடட்டும்மா?"ன்னு கேட்டேன். "இரு, சொல்றேன்"னாங்க. அடுத்த வாரம் கேட்டேன், "இரு"ன்னாங்க. இப்ப அந்தப் பேச்சு எடுத்தாலே எழுந்து போயிடறாங்க.

கீதாதான் ஒரு நாள் மெதுவா கேட்டா. அம்மா சொன்னாங்களாம், "அக்கா அந்த ரூமை அப்படியே வெச்சிருக்காங்க. அன்னிக்கு மத்தியானம் நான் காபி எடுத்துக்கிட்டுப் போயி கதவத் தொறந்தேன், அவரு தூங்கறாருன்னு நெனச்சி ரெண்டு தடவ எழுப்பினேன். இப்ப போனாலும் அந்தக் கதவத்தான் தொறக்கணும். மறுபடியும் நான் போயி எழுப்பணுமா?"ன்னு. உங்ககிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க. "அக்கா ஆசையா செய்யறாங்க, மனசு நொந்துபோவாங்க"ன்றாங்க.

உங்க கடிதம் வந்தா ரெண்டு தடவ படிக்கிறாங்க. முதல் தடவ சிரிக்கிறாங்க. ரெண்டாவது தடவ படிச்சிட்டு ஏரிக்கரைக்குப் போயி உக்காந்துக்கறாங்க.

அம்மா இங்கயே இருந்தாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனா இங்கயும் இல்லாம அங்கயும் இல்லாம இருக்காங்க. நான் எழுதினது அவங்களுக்குத் தெரிய வேணாம்.

சுரேஷ்

*

அண்ணாமலையார் துணை

வேங்கிக்கால்
22-5-2025

அன்புள்ள கஸ்தூரி,

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. இவ்வளவு சின்னதாக நீ எழுதியதே இல்லை. உடம்புக்கு ஏதாவதா? மறைக்காமல் எழுது.

இங்கே கத்திரி வெயில் கொளுத்துகிறது. மலையைப் பார்க்கவே கண் கூசுகிறது. மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்தால் சுர் என்று சத்தம் வருகிறது. உங்கள் ஏரியிலிருந்து ஒரு பாளம் வெட்டி அனுப்பக்கூடாதா? கீர்த்தனா போனில் எதையோ தட்டிப் பார்த்து, "சித்தி ஊர்ல இப்ப வெயிலடிக்குதும்மா, ஐஸே இருக்காது" என்றாள். அந்த ஏரி மினசோட்டாவில் இருக்கிறதா, உன் போனில் இருக்கிறதா என்று கேட்டு வாயை அடைத்தேன். உன் கையெழுத்தை நம்பாமல் அந்தப் போனையா நம்புவேன்.

சித்திரா பௌர்ணமிக்கு ஊர் கொள்ளாத ஜனம். நான் போகவில்லை. வாசலில் உட்கார்ந்து, கும்பல் கும்பலாக மலையைப் பார்க்கப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு சின்னப் பெண்கள், புதுத் தாலிக்கயிறு மஞ்சள்கூட மங்கவில்லை, ஒருத்தி தோளில் ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே போனார்கள். ஓரகத்திகளா, சினேகிதிகளா, தெரியாது. தண்ணீர் வேண்டுமா என்று கூப்பிட்டுக் கொடுத்தேன்.

தம்பி கட்டிலுக்குக் கொசுவலை போட்டு வைத்திருக்கிறேன். தூசி படக்கூடாது பார்.

ஏரியைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா

*

மினசோட்டா
8-6-2025

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கவலைப்படாதீர்கள். எல்லோரும் சௌக்கியம்.

கீர்த்தனா சொன்னதும் சரிதான். சின்ன ஏரிகளெல்லாம் உருகிவிட்டன. எங்கள் ஏரி மட்டும் ஆழம் ஜாஸ்தி. அதனால் நேரமாகிறது.

குட்டி இப்போது "அக்கா" என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். உங்கள் கடிதம் வந்தால் அதைத் தொட்டு "அக்கா, அக்கா" என்கிறாள். அதையாவது எழுதலாம் என்று தோன்றியது.

கஸ்தூரி

*

அண்ணாமலையார் துணை

வேங்கிக்கால்
26-6-2025

என் கஸ்தூரிக்கு,

உனக்கு ஒரு குறையும் வராமல் அவன் பார்த்துக்கொள்ளட்டும். குட்டி என்னை அக்கா என்கிறாளா? என் மாமியார் வயதை நான் நெருங்கிக்கொண்டிருக்கிறேன், எனக்கு ஒரு தங்கை பிறந்திருக்கிறாள். திருத்தாதே, அப்படியே சொல்லட்டும்.

ஒரு மாதமாக நான் எழுதாததற்குக் காரணம் வீட்டில் வேலை நடந்தது. உன்னைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் "வேண்டாம் அக்கா, உங்கள் இஷ்டம்போல இருக்கட்டும்" என்றுதான் எழுதியிருப்பாய், எனக்கு உன்னைத் தெரியாதா.

கீர்த்தனாவுக்குப் பரீட்சை நெருங்கிவிட்டது. சமையல்கட்டில் உட்கார்ந்து எத்தனை நாள் படிப்பாள்? அந்த அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். கட்டிலைக் கீழ்பென்னாத்தூர் மணியம்மாள் வீட்டுக்கு அனுப்பினேன், அவள் மகனுக்கு ஆகும். சட்டைகளையும் கொடுத்தாயிற்று. கண்ணாடியும் கைக்கடிகாரமும் ரேடியோவும் என் பீரோவில் இருக்கின்றன, சுரேஷ் வரும்போது எடுத்துக்கொள்ளட்டும். சுவருக்கு இள மஞ்சள் அடித்தோம். கீர்த்தனா அதன்மேல் முதலமைச்சர்கள், நதிகள், அணைகள் என்று காகிதம் காகிதமாக ஒட்டிவைத்திருக்கிறாள். மேஜை ஜன்னல் பக்கம்.

கதவைக் கழற்றிவிட்டேன். ஆசாரி வந்து கீலைப் பிடுங்கும்போது உன் மாமா கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். "ஊர் உலகத்துல மனுசன் வூட்டுக்குக் கதவு வெப்பான். நல்ல வேங்கைக் கதவக் கழட்டறியே, உனக்கு என்னா ஆச்சு?" என்றார். காற்று வரவேண்டும் என்றேன். என் முகத்தைப் பார்த்தார். ஆசாரியின் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை வாங்கி மேல் கீலைத் தானே கழற்றினார். இப்போது அங்கே கதவு இல்லை, ஒரு பூப்போட்ட திரை மட்டும். காற்றில் ஆடிக்கொண்டே இருக்கிறது. வாசலில் நின்றால் உள்ளே கீர்த்தனாவின் முதுகு தெரிகிறது, வாய்விட்டுப் படிப்பது கேட்கிறது.

தம்பி போன பிறகு ஒரு வருஷம் நீ ஹாலில்தான் படுத்தாய். "ரூம்ல புழுக்கமா இருக்குதுக்கா" என்றாய். நான் டேபிள் ஃபேன் வாங்கிவரச் சொன்னேன். எனக்கு அவ்வளவுதான் தோன்றியது.

ஏரி இன்னும் உருகவில்லை என்று எழுதியிருந்தாய். கீர்த்தனா, "ஜூன் மாசத்துல எங்கனா ஐஸ் இருக்குமாம்மா?" என்று சிரித்தாள். "இருக்கும்டி. உன் சித்தி சொன்னா இருக்கும்" என்றேன். ஆழமான ஏரி, அவசரப்பட்டால் ஆகுமா? ஐப்பசிவரை அப்படியே கிடந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. அடுத்த வருஷம் உருகினாலும் சரி.

உனக்குக் கல்யாணமான வருஷம் ஞாபகம் இருக்கிறதா? முதல் கிரிவலத்தில் நிருதி லிங்கத்துக்கிட்டே கால் வலித்து உட்கார்ந்துவிட்டாய். "நீங்க போங்கக்கா, நான் வர்றேன்" என்று அழுதாய். நம் வீட்டு ஆண்கள் எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தேன். எழுந்திரு என்று ஒரு வார்த்தை சொன்னேனா? நீயாகத்தான் எழுந்தாய். அப்போது விடிந்துவிட்டது, மலை நன்றாகத் தெரிந்தது.

சாப்பிடு. தூங்கு. குட்டியைக் கொஞ்சு.

ரேணுகாம்பாள்

*

மினசோட்டா
14-7-2025

அன்புள்ள அக்காவுக்கு,

கஸ்தூரியின் வணக்கம். நாங்கள் நன்றாக இருக்கிறோம். உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. உங்கள் முட்டி, மாமாவின் சர்க்கரை, கீர்த்தனாவின் பரீட்சை மூன்றையும் பற்றி விவரமாக எழுதுங்கள். அவள் அந்த ஜன்னல் பக்கமே உட்கார்ந்து படிக்கட்டும். காலை வெயில் அங்கேதான் விழும்.

நேற்று ஏரி உருகியது அக்கா.

எப்படி என்று சொல்கிறேன். காலையில் போனபோது ஏரி முழுக்கக் கறுத்துக் கிடந்தது. கரையோரம் மட்டும் ஒரு முழத்துக்குத் தண்ணீர், நடுவில் அவ்வளவு பெரிய பாளம், எதையும் பிடித்துக்கொள்ளாமல் தனியாக மிதந்தது. குட்டிக்குக் குல்லாவும் கையுறையும் போட்டு இடுப்பில் வைத்திருந்தேன். மத்தியானம் தெற்கிலிருந்து காற்று எழும்பியது. பாளம் அசைந்தது அக்கா. அவ்வளவு பெரியது, ஊர் மாதிரி, அசைந்து எங்கள் பக்கம் வந்தது. வந்து கரையில் மோதியதும் நான் இடி மாதிரி சத்தம் வரும் என்று குட்டியின் காதைப் பொத்தினேன். வரவில்லை. அந்த ஐஸ் உள்ளுக்குள்ளேயே ஊசி ஊசியாகப் பிரிந்து போயிருக்கிறது, வெளியே பார்த்தால் தெரியவில்லை. கரை தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. வளையல் கடையில் ஒரு தட்டைச் சாய்த்த மாதிரி சத்தம், கரை நெடுக. நான் குட்டியின் காதிலிருந்து கையை எடுத்தேன். அவள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஜனமெல்லாம் பேச்சை நிறுத்திக் கேட்டது. பீப்பாய் ஒரு பக்கம் சாய்ந்து, கொஞ்ச நேரம் யோசித்து, விழுந்தது. அப்போது எல்லோரும் கத்தினார்கள். நான் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினேன். வேறு என்ன கத்துவது என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் அதுதான் சரியான வார்த்தை என்று நினைத்து என்னோடு சேர்ந்து கத்தினார்.

சாயங்காலம் பார்த்தால் ஒரு துண்டு ஐஸ் இல்லை. அத்தனையும் தண்ணீர், அலை அடிக்கிறது. இரண்டு வாத்து வந்து இறங்கின. இந்த ஊர்க்காரர்களும் என்னைப்போலவே நின்று நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகவே மனமில்லாமல் போனார்கள். உங்களுக்கு எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

இன்று காலையில் சுரேஷிடம் தேதி சொல்லிவிட்டேன். ஆகஸ்ட் இரண்டாம் தேதி சென்னையில் இறங்குகிறேன். கார்த்திகை தீபம் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன், அதற்குமேல் குட்டி விடமாட்டாள் என்று கீதா இப்போதே சண்டைக்கு வருகிறாள். ஆடிப் பௌர்ணமிக்கு நான் அங்கே இருப்பேன். முட்டி மடங்காவிட்டால் போகிறவரை போவோம், பிறகு ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொள்வோம். பேசாமல் விட்டது நிறைய இருக்கிறது.

ஏரி உருகிய தேதியை மாமா கேட்டால் ஜூலை பதின்மூன்று என்று சொல்லுங்கள்.

உங்கள்
கஸ்தூரி